கனற்செருகியும் புணர்ச்சி விதியும்

"தமிழ் பயில்வானுக்கு மோட்டார்ப் பட்டறையில் என்ன வேலை?" என்று உடன்பயிலும் நண்பர் சிலர் என்னை வினவுவதுண்டு. விடுமுறை கழிந்து விடுதிக்குத் திரும்புங்கால் என் விரல் நுனிகளில் ஒட்டியிருக்கும் எண்ணெய்க் கறையே அவ்வினாவுக்குக் காரணம். கொடைக்கானல் மலைக்கு ஏறும் சாலையருகே, வத்தலக்குண்டில், என் தந்தையார் ஒரு சிறு பட்டறை நடத்துகின்றார். கல்லூரியில் எழுத்ததிகாரம் பயிலும் யான், விடுமுறையில் அப்பட்டறையில் விளக்குப் பிடிக்கின்றேன். இவ்விரண்டு கல்விக்கும் உள்ள உறவினை, 2023-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் ஒரு ஜீப்பு வண்டி எனக்குத் தெளிவாக்கிற்று. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வண்டி மலைமேற் சிற்றூர் ஒன்றில் வாழும் குடியானவர் ஒருவருக்கு உரியது. அவர்தம் தந்தையார் காலத்துப் பழைய பெட்ரோல் ஜீப்பு. பூண்டும் பீன்ஸும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் மலையிறங்குவது அதன் வேலை. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது; அது விலையாகும் சந்தை பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியில் உளது. சந்தைக்கு நேரம் தவறினால் விலையும் தவறும். அஃதன்றியும், அச்சிற்றூரில் இரவு வேளையில் நோயாளியையோ பேறுகாலப் பெண்ணையோ மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க அவ்வொரு வண்டியே துணையாயிருந்தது. ஆகவே அது விடியலிலும் நள்ளிரவிலும் கிளம்பியாக வேண்டும். கிளம்பாத வண்டியால் அவ்வூர்க்குப் பயனில்லை.

பெட்ரோற் செலவு தாங்காமையால், அவர் பழைய வண்டியொன்றினின்றும் கழற்றிய டீசல் எஞ்சினை விலைக்கு வாங்கினார். பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களினின்றும் மாறுபடுமாறு வண்டியை மாற்றுதலை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகின்றது. ஆதலின் உரிய ஒப்புதலை அவர் முன்னரே பெற்றிருந்தார். எஞ்சின், மகிந்திரா ஜீப்புகளில் முன்னர்ப் பெருவழக்காயிருந்த எக்ஸ்.டி.பி. 4.90 என்னும் வகை. பிரெஞ்சு நாட்டுப் பெஜோ நிறுவனத்தார் வகுத்தது. அதன் இலக்கணம் அதன் பெயரிலேயே அடங்கியுளது: உருளைகள் 4, ஒவ்வொன்றின் விட்டம் 90 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 83 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்ப்பின் 2112 கன சென்டிமீட்டர் வரும்.

எஞ்சினை வண்டியில் இருத்தியவர் வேறோர் ஊர்ப் பட்டறையார். அவர் பெயர் ஈண்டு வேண்டா. இரும்பு வேலை பழுதின்றி அமைந்திருந்தது. ஆயின் மூன்றாம் நாள் விடியலில், சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தபோது, முன்பலகைக்குப் பின்னிருந்து புகை எழுந்தது. உடையவர் விரைந்து பேட்டரிக் கம்பியைக் கழற்றியதால் வண்டி எரியாது பிழைத்தது. லாரியில் ஏற்றி எம் பட்டறைக்குக் கொணர்ந்து, "அண்ணே, எஞ்சினில் குறையில்லை, கம்பிதான் கெடுக்கிறது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்" என்றார். என் தந்தையார் உருகிய கம்பியை விரலாற் பிடித்து நெடுநேரம் நோக்கினார். பின்பு, "நான்கு பேர் தூக்க வேண்டிய சுமையை ஒரு பிள்ளையின் தலையில் வைத்திருக்கிறார்கள்" என்றார்.

அச்சுமை யாதென அறிதற்குப் பெட்ரோல் எஞ்சினுக்கும் டீசல் எஞ்சினுக்கும் உள்ள வேற்றுமையைச் சிறிது விளக்குதல் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்து உருளைக்குள் நெருக்கப்படும். உரிய நொடியில் மின்பொறி பாய்ந்து அக்கலவையைக் கொளுத்தும். டீசல் எஞ்சினிலோ பொறி இல்லை. காற்று மட்டுமே உட்புகும். பிஸ்டன் அதனை நெருக்கும். நெருக்கத்தாற் சூடேறிய காற்றில் எரிநெய் தூவப்பட்டவுடன் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ப் டீசல் என்னும் செருமானியர் 1897-இல் ஆக்சுபர்க் நகரில் இம்முறையை இயக்கிக் காட்டி நிலைநாட்டினார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை அறியாதார் யார்? ஈண்டு நிகழ்வதும் அதுவே.

10 பாகை வெப்பமுள்ள காற்றை 22-இல் ஒரு பங்காக நெருக்கினால், வெப்பம் சிறிதும் வெளியேறாதிருப்பின், அது 700 பாகையை எட்டும் என்பது கணக்கு. ஆயின் வெப்பம் வெளியேறாதிருப்பதில்லை. இவ்வகை எஞ்சினில் எரிநெய் நேரே உருளைக்குள் தூவப்படாமல், உருளைத் தலையில் குடைந்த ஒரு சுழலறைக்குள் தூவப்படுகின்றது. அவ்வறை சிறிது, அதன் கொள்ளளவை நோக்கச் சுவர்ப்பரப்புப் பெரிது. சில்லிட்ட அச்சுவர் காற்றின் வெப்பத்தை விரைந்து கவர்ந்துகொள்ளும். குளிரில் பேட்டரி சோரும், எண்ணெய் தடிக்கும், ஸ்டார்ட்டர் மெல்லச் சுழலும், மெல்லச் சுழலவே வெப்பம் கழிதற்கு மேலும் பொழுது கிடைக்கும். கொடைக்கானல் நகரோ ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தது. ஆண்டுக் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. மார்கழி, தை இரவுகளில் குளிர் 10 பாகைக்குக் கீழே செல்லும். சமவெளியில் தடையின்றிக் கிளம்பும் எஞ்சின் மலைமேல் வெண்புகை கக்கி நின்றுவிடுதற்குக் காரணம் இவையே.

இக்குறையை நிறைக்கவே ஒவ்வொரு சுழலறைக்குள்ளும் பென்சில் போன்ற ஒரு சிறு கோல் நீண்டிருக்கின்றது. மின்சாரம் பாய்ந்தவுடன் அதன் நுனி செங்கனலாகி 800 பாகைக்கு மேலும் சூடேறும். தூவப்படும் எரிநெய்யில் ஒரு பகுதி அதனைச் சார்ந்து பற்ற, அத்தீ எஞ்சிய பகுதியையும் பற்றும். எஞ்சின் ஓடிச் சூடேறிய பின்னர் அதற்கு வேலையில்லை.

பட்டறைகளில் இதனை 'ஹீட்டர் பிளக்' என்பர். 'பிளக்' என்னும் பெயரொற்றுமையால் பெட்ரோல் வண்டியின் பொறிச்செருகியோடு இதனை மயங்குதல் எளிது. பொறிச்செருகி வேண்டுவது பல்லாயிரம் வோல்ட்டு, மிகச் சிறிய மின்னோட்டம்; அதனையும் வண்டி ஓடுமளவும் இடைவிடாது வேண்டும். மற்றிது வேண்டுவது பேட்டரியின் 12 வோல்ட்டே. ஆயின் பெரிய மின்னோட்டம், அதுவும் தொடக்கத்தில் மட்டும். பெயரால் இனமாகிய இவை தொழிலால் முற்றும் வேறு. ஆதலின் யான் இதனைக் 'கனற்செருகி' என்று வழங்க விழைகின்றேன். கனல் என்னும் நிலைமொழியின் ஈற்று லகரம் வருமொழிச் சகரத்தின் முன் றகரமாகத் திரிந்தது என்க. என் தந்தையார் இப்பெயரைக் கேட்டு நகைத்துவிட்டு, "பெயர் எதுவானாலும் ஆம்பியரை மறக்காதே, தம்பி" என்றார்.

அத்திரிபே எனக்கு ஒரு வழியைக் காட்டிற்று. நிலைமொழியும் வருமொழியும் சேர்வதைப் புணர்ச்சி என்கின்றோம். 'வாழைமரம்' என்புழிப் போல ஒன்றும் மாறாது சேரின் அஃது இயல்பு. மாற்றம் நிகழின் விகாரம். நன்னூலார் அவ்விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தார். வாழைப்பழத்தில் பகரம் தோன்றிற்று. பொற்குடத்தில் னகரம் திரிந்தது. மரவேரில் மகரம் கெட்டது. ஈண்டு வண்டி நிலைமொழி, எஞ்சின் வருமொழி. முன்னைப் பட்டறையார் இதனை இயல்பு புணர்ச்சியாகக் கொண்டுவிட்டனர். பழைய எஞ்சினின் பொறிச்சுருளுக்குச் சென்ற கம்பி ஓரிடத்திற் சும்மா தொங்கிற்று. புதிய எஞ்சினின் கனற்செருகிகள் மின்சாரம் வேண்டி நின்றன. இரண்டையும் ஒன்றோடொன்று முடிந்துவிட்டனர். இடர் அங்கே பிறந்தது.

என் தந்தையார் முதலிற் கெடுதலைச் செய்தார். பொறிச்சுருளும் டிஸ்ட்ரிபியூட்டரும் போயின. அவற்றின் கம்பிகள் மட்டும் வண்டிக்குள் எஞ்சியிருந்தன. அவற்றை நுனியில் நறுக்கி நாடாச் சுற்றி விட்டுவிடுதல் எளிது. ஆயின் தொழிலற்ற கம்பிக்கும் உள்ளே மின்சாரம் உண்டு. அதன் நுனி குலுங்கி உராய்ந்து வண்டியின் உடலைத் தொடுமாயின் தீப்பற்றும். பழைய வண்டிகள் பலவற்றில் அவ்வழிக்குப் பியூஸும் இல்லை. ஆதலின் அவர் ஒவ்வொன்றையும் அதன் பிறப்பிடம் வரை தொடர்ந்து சென்று களைந்தெறிந்தார்.

பின்னர்த் திரிதல். சாவி சுவிட்சிலிருந்து பொறிச்சுருளுக்குச் சென்ற கம்பியின் முற்பகுதி நல்ல நிலையிலிருந்தது. அதனைப் புதிய தொழிலுக்குத் திருப்பலாம். ஆயின் அதன் வலிமைக்கு ஏற்ற சிறு தொழிலே தருதல் வேண்டும். டீசல் எஞ்சினை நிறுத்துதற்கு மின்பொறியைத் துண்டிக்கும் வழி இல்லை. எரிநெய்யைத் தடுத்தலே வழி. இவ்வெஞ்சினின் பம்பில் அதற்கென ஒரு மின்காந்தம் இருந்தது. சாவி திறந்திருக்குமளவும் அதற்கு மின்சாரம் சென்றால்தான் எரிநெய் ஓடும். அதற்கும், கனற்செருகிகளை ஆளும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் 'சாவி திறந்தாயிற்று' என்று அறிவிப்பதற்கும் அக்கம்பி போதும்.

ஆயினும் இத்திரிபில் இரண்டு இடுக்கண்கள் உள. பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் பொறிச்சுருளுக்குச் செல்லும் வழியில் ஒரு தடைக்கம்பி இருக்கும். அதனைக் கடந்து வருவது முழு 12 வோல்ட்டு அன்று. அவ்வழியில் மின்காந்தத்தைப் பூட்டினால் அது சில வேளை இழுக்கும், சில வேளை இழுக்காது. இஃது ஒன்று. சாவி சுவிட்சில் ரேடியோ முதலியவற்றுக்கான முனையொன்று உண்டு. ஸ்டார்ட்டரைச் சுழற்றும் நேரத்தில், பேட்டரியின் வலிமை முழுதும் அதற்கே செல்லுமாறு, அம்முனையில் மின்சாரம் நின்றுவிடும். அதனைத் தெரிந்தெடுத்தால், எஞ்சினுக்குக் கனலும் எரிநெய்யும் இன்றியமையாத அந்த நொடியிலேயே இரண்டும் அற்றுப்போம். இஃது இரண்டு. இவ்விரண்டும் கண்ணுக்குப் புலனாகா. எல்லாம் சரியாகவே தோன்றும். வண்டி மட்டும் கிளம்பாது. ஆதலின் என் தந்தையார் சாவியை ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, ஒவ்வொரு முனையிலும் மீட்டரை வைத்து, எண்களைச் சுண்ணக்கட்டியாற் பலகையில் எழுதச் சொன்னார். சுழற்றும்போதும் உயிர்ப்போடிருந்த முனையையே தெரிந்துகொண்டார்.

இனித் தோன்றல். ஈண்டுத்தான் முன்னையோர் சுமையை அளவாமற் போயினர். கனற்செருகிகளை எஞ்சினினின்றும் கழற்றி ஒவ்வொன்றின் தடையையும் அளந்தோம். மூன்று ஏறத்தாழ 0.7 ஓம் காட்டின. நான்காவது உள்ளே அறுந்துபோயிருந்தது. அதனை நீக்கி, அதே வகையில் புதியதொன்று வாங்கினோம். 12 வோல்ட்டை 0.7-ஆல் வகுப்பின் 17 ஆம்பியர்; நான்கிற்கும் 68 ஆம்பியர். நுனி சூடேறச் சூடேறத் தடை மிகுந்து மின்னோட்டம் குறையும். குறைந்தும் 40 ஆம்பியருக்கு மேல் நிற்கும். பொறிச்சுருளோ 4 ஆம்பியர் அளவே வேண்டுவது. அதற்கென இட்ட மெல்லிய கம்பியிலும், சாவி சுவிட்சின் சிறு நாக்கிலும் பதின்மடங்கு சுமை ஏறினால் என்னாகும்?

கணக்கிட்டுப் பார்த்தேன். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பி 3 மீட்டர் நீளமாயின் அதன் தடை 0.035 ஓம். அதன் வழி 50 ஆம்பியர் ஓடுமாயின் வழியிலேயே 1.75 வோல்ட்டு வீணாகும். கம்பிக்குள் 87 வாட்டு வெப்பம் பிறக்கும். முன்பலகைக்குப் பின்னே ஒரு பெரிய குண்டு விளக்கைத் துணியில் சுற்றி எரியவிட்டாற்போல்வது அது. மேலும் கனற்செருகிக்கு எஞ்சுவது 10.25 வோல்ட்டே, வெப்பம் வோல்ட்டின் இருமடியைச் சார்வதால், நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோம். கம்பி எரிய, கனல் மங்கிற்று. அதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் கம்பி இடின் இழப்பு 0.26 வோல்ட்டே.

ஆகவே புதிதாகத் தோன்றியவை இவை: பேட்டரியிலிருந்து நேரே ஒரு தடித்த கம்பி, அதன் தொடக்கத்திலேயே 80 ஆம்பியர்ப் பட்டைப் பியூஸு, அடுத்து ரிலேயை உள்ளடக்கிய கட்டுப்பாட்டுப் பெட்டி, அதிலிருந்து செருகிகளின் தலைகளை இணைக்கும் செப்புப் பட்டைக்கு மற்றொரு தடித்த கம்பி. ரிலேயின் தன்மை அன்பர் பலரும் அறிந்ததே. சாவியிலிருந்து வரும் சிறு மின்னோட்டம் ஒரு காந்தத்தை எழுப்பும். அக்காந்தம் பெரிய வாயிலைத் திறக்கும். பெரிய மின்னோட்டம் சாவிப் பக்கம் எட்டியும் பாராது தன் வழியே செல்லும்.

பெட்டியைத் தெரிந்தெடுத்தலிலும் ஆராய்ச்சி வேண்டும். மூன்று வழிகள் உள. ஓட்டுநர் அழுத்தும் ஒரு பொத்தானையும் ரிலேயையும் அமைத்தல் முதல் வழி. மலிவானது, பழுது பார்க்க எளியது. ஆயின் எத்தனை நொடி என எண்ணுவது ஓட்டுநரின் பொறுப்பாகும். அவர் மறந்தால் பேட்டரியும் செருகியும் கெடும். குறித்த நொடிகளில் தானே நிறுத்தும் காலக்கருவி இரண்டாம் வழி. அது குளிரையும் வெயிலையும் வேறு பிரித்தறியாது. எஞ்சின் பிறந்த வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டியையே நீரின் வெப்பம் அறியும் உணரியோடு கொணர்ந்து பொருத்தல் மூன்றாம் வழி. உடையவர் எஞ்சினோடு அப்பெட்டியையும் வாங்கியிருந்தார்; கம்பிகளின் நிறம் எண்ணெயிலும் வெயிலிலும் மங்கிப்போனதால் முன்னையோர் அதனை ஒதுக்கி வைத்துவிட்டனர்.

என் தந்தையார் அதனை மேசைமேல் வைத்தார். "நிறம் பார்த்து முடியாதே, வேலை பார்த்து முடி" என்பது அவர் எனக்கு அடிக்கடி கூறும் சொல். தொழிலை அறிவிக்கும் எண்கள் ரிலேக்களிலும் சுவிட்சுகளிலும் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. செருமானியர் வகுத்த முறை அது. 30 என்பது பேட்டரியிலிருந்து நேரே வருவது, 15 சாவி வழி வருவது, 50 ஸ்டார்ட்டருக்குச் செல்வது, 31 எர்த்து. ரிலேச் சுருளின் இரு முனைகள் 85-உம் 86-உம். வெளிச்செல்லும் வாயில் 87. வேற்றுமை உருபைக் கண்டவுடன் பெயர் ஏற்ற பொருளை அறிவது போல, இவ்வெண்ணைக் கண்டவுடன் கம்பி ஏற்ற தொழிலை அறியலாம். எண் அழிந்தவிடத்துச் சோதனையே வழி. செருகிகளுக்கு மாற்றாக ஒரு முன்விளக்குப் பல்பைப் பூட்டி, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுத் தொட்டு, எது சாவி, எது ஸ்டார்ட்டர், எது குறிவிளக்கு, எது உணரி எனத் துணிந்தார்.

பின்பு நிகழ்ந்ததை யான் மறவேன். உணரியின் தடை குளிரில் மிகும், வெப்பத்திற் குறையும். அது சரிவரத் தொழில் செய்கின்றதா என அறிய, அம்மாவிடம் இரண்டு தம்ளர் கேட்டு வாங்கி வரச் சொன்னார். ஒன்றில் பனிக்கட்டி இட்ட நீர், மற்றொன்றில் வெந்நீர். உணரியைக் குளிர்நீரில் அமிழ்த்திச் சாவிக் கம்பியைத் தொட்டார்; குறிவிளக்கு 12 நொடி எரிந்து அணைந்தது. வெந்நீரில் அமிழ்த்தித் தொட்டார். 2 நொடியில் அணைந்தது. வண்டிக்குள் ஒரு கம்பியும் முடியுமுன்னரே, கொடைக்கானல் விடியலையும் வத்தலக்குண்டு நண்பகலையும் அவர் மேசைமேற் கண்டுவிட்டார்.

செருகிகளின் வகையறிதலும் இங்கே கூறற்பாலது. பழங்காலத்துச் செருகிகள் ஒவ்வொன்றும் ஓரிரு வோல்ட்டே ஏற்பன. அவற்றை மாலைபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரு தடைக்கம்பியையும் சேர்ப்பர். ஒன்று அறுந்தால் எல்லாம் அவியும். எம் கையிலிருந்தவை 12 வோல்ட்டுச் செருகிகள். பந்தியில் இலைதோறும் தனித்தனியே பரிமாறுவது போல ஒவ்வொன்றுக்கும் நேரே ஊட்டப்படுவன. ஒன்று அறுந்தால் மற்றவை எரியும். ஆதலின் அறுந்தது வெளிப்படாது, எஞ்சின் மட்டும் மூன்று காலால் நடப்பதுபோல் தள்ளாடிக் கிளம்பும். அண்மைக்காலத்து வண்டிகளில் 5 வோல்ட்டு, 7 வோல்ட்டுச் செருகிகளும் உள. மின்னணுப் பெட்டியொன்று மின்சாரத்தை வெட்டி வெட்டி அளந்து அவற்றுக்கு ஊட்டும். அவற்றை 12 வோல்ட்டில் நேரே பூட்டினால் சில நொடிகளில் நுனி கெடும். நுனி உடைந்து உருளைக்குள் வீழின் எஞ்சினே பாழாம். ஆதலின் செருகியின் உடலிற் பொறித்த எண்ணைப் படியாதவன் கம்பியைத் தொடலாகாது.

எல்லாம் முடிந்தபின் என் தந்தையார் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையே இருந்த எர்த்துப் பட்டையைச் சுட்டிக்காட்டினார். அது வண்ணம் பூசிய பரப்பின்மேல் முடுக்கப்பட்டிருந்தது. கனற்செருகிக்குச் செல்லும் கம்பி ஒன்றே. திரும்பும் வழி எஞ்சினின் உடல். சென்ற மின்னோட்டம் முழுதும் திரும்பியாக வேண்டும். பட்டையின் வழி அடைபட்டிருப்பின், அது வேகமிதியின் கம்பி வழியாகவும் திரும்ப முயலும். அதனாற் சூடேறி இறுகிப்போன கம்பிகளை அவர் கண்டிருக்கின்றார். வண்ணத்தைச் சுரண்டி, இரும்பு மின்னும்படி தேய்த்து, புதிய தடித்த பட்டையை முடுக்கி, மேலே கிரீசு தடவினோம்.

2024-ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் வண்டியை அதன் ஊருக்கே கொண்டு சென்று ஓரிரவு வெட்டவெளியில் நிறுத்தினோம். உடையவர் முன்பெல்லாம் காற்றுக்குழாயில் ஈதர் தெளித்துக் கிளப்பும் வழக்கமுடையவர். கனற்செருகி செங்கனலாய் இருக்கும்போது ஈதர் உட்புகின் உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனையும் உடைக்கும் என்று விளக்கி, என் தந்தையார் அப்புட்டியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். விடியல் ஐந்து மணிக்குப் புல்லின்மேல் பனி வெளுத்திருந்தது. உடையவர் சாவியைத் திருப்பினார். சுருள் வடிவக் குறிவிளக்கு மஞ்சளாய் எரிந்தது. அவர் கை முன்பலகையின்மேல் ஊன்றியிருந்தது. புகை எழுந்த அந்நாளை அவர் மறக்கவில்லை போலும். விளக்கு அணைந்தது. "இப்போது செல்ஃப் அடியுங்கள்" என்றார் என் தந்தையார். இரண்டு சுற்றில் எஞ்சின் பற்றிற்று. சிறிது வெண்புகை வந்தது. எஞ்சின் கிளம்பிய பின்னரும் செருகிகள் சிறிது நேரம் கனன்றமையால் அப்புகையும் விரைவில் அடங்கிற்று. விளக்கு அணைதல் செருகி அணைந்ததற்கு அடையாளமன்று, ஆயத்தமானதற்கே அடையாளம் என்பதை அவருக்கு மீண்டும் எடுத்துரைத்தோம். அவர் முன்பலகையின் அடியிற் கைவைத்துப் பார்த்தார். கம்பி குளிர்ந்திருந்தது. மறுமொழி கூறாமல் பூண்டு மூட்டைகளை ஏற்றத் தொடங்கினார்.

அன்பர்காள்! இவ்வேலையில் அரியதாய் எனக்குத் தோன்றியது எஞ்சினும் அன்று, வண்டியும் அன்று, அவை சேருமிடமே. எஞ்சின் நன்று, வண்டியும் நன்று. எனினும் சேருமிடத்தில் எது கெட வேண்டும், எது திரிய வேண்டும், எது தோன்ற வேண்டும் என்று ஆராயாமையால் ஒரு விடியலில் தீ எழுந்தது. விகாரங்களை வெறும் மனப்பாடமாகக் கருதும் நண்பர்க்கு இதனை ஓர் எடுத்துக்காட்டாகக் கூறுகின்றேன்.

மற்றுமொன்று. என் தந்தையார் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வந்த பழைய தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் அதன் படத்தை மட்டும் கண்டு, மற்றவற்றை மீட்டரையும் தம்ளரையும் கொண்டு தாமே கண்டறிந்தார். முன்னைப் பட்டறையார்க்கு அப்பொறுமை வாய்க்கவில்லை. ஆயின் அவர்க்கு விளங்கும் மொழியில் ஒரு தாள் இருந்திருப்பின் அவரும் கம்பியை எரித்திரார். ஆதலின் அவ்விடுமுறையின் இறுதி நாட்களில் யான் ஒரு வேலை செய்தேன். எக்கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது, அதன் பருமன் யாது, அதன் பியூஸு எத்தனை ஆம்பியர், செருகி எத்தனை வோல்ட்டு என்பவற்றைத் தமிழில் எழுதி, என் தந்தையார் கூறக்கூறப் படமும் வரைந்து, நீர் புகாத உறையிலிட்டு, வண்டியின் முன்பலகைப் பெட்டிக்குள் வைத்தேன். கனற்செருகி என்று எழுதி, அருகே ஹீட்டர் பிளக் என்றும் எழுதினேன், படிப்பவர் மயங்கலாகாதன்றோ?

நம் நாட்டில் இத்தகைய பட்டறைகள் எண்ணிறந்தன. அவற்றில் அன்றாடம் தமிழிலேயே சிந்தித்துத் தமிழிலேயே பேசித் தொழில் நடக்கின்றது. அவ்வறிவு தொழிலாளரின் வாயோடும் கையோடும் நின்றுவிடுகின்றது. அதனைக் கேட்டுப் பிழையற எழுதித் தருதல் தமிழ் பயில்வார்க்கு ஒவ்வாத வேலையன்று. எழுதும் ஒவ்வொரு சொல்லும் ஒரு கம்பியை எரியாமற் காக்கக்கூடும். நண்பர்கள் தத்தம் ஊர்களில் தறியோ, ஏற்றப் பம்போ, படகின் எஞ்சினோ, யாதேனும் ஒன்றனைத் தெரிந்துகொண்டு வரும் விடுமுறையில் இம்முயற்சியைத் தொடங்குவாராக. எண்ணெய்க் கறையைக் குறித்து வினவுவோர்க்கு என் விடை இதுவே.